ஒட்டாமல் பிரிதல்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, முதுகலை வேதியியல் படித்துக்கொண்டிருந்த என் மகள் விடுதியிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். நொச்சி இலைச் சாற்றிலிருந்து ஒரு பொருளைத் தனியே பிரித்தெடுப்பது அவளுடைய ஆய்வேடு. நான்கு மாதம் சேர்த்த சாற்றைச் சிலிக்காத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே இறக்கியிருக்கிறாள். தேடிய பொருளில் பெரும்பகுதி வெளியே வரவேயில்லை, தூளில் ஒட்டிக்கொண்டுவிட்டது. "மறுபடியும் செய்தால் போயிற்று" என்றேன். சற்று நேரம் மௌனம். "உங்களுக்கு இது புரியாதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது உண்மை. நொச்சி என்றால் எனக்கு மதில் காக்கும் திணைதான் நினைவுக்கு வரும். அவள் தமிழ் படிக்கவில்லை என்ற வருத்தத்தை நான் ஒருபோதும் வெளிக்காட்டியதில்லை. ஆனால் அவள் படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அதுவும் ஒரு வகையான வெளிக்காட்டல்தான் என்பது அன்றிரவு உறைத்தது. மறுநாள் கல்லூரி நூலகத்தில் வேதியியல் அடுக்குகளின் முன் போய் நின்றேன்.

வண்ணப்பிரிகை என்ற சொல்லிலிருந்து தொடங்கினேன். சிற்றிதழ் வாசகனான எனக்கு 'நிறப்பிரிகை' என்பது தொண்ணூறுகளின் ஓர் இதழ். வேதியியலில் அந்தச் செயலுக்குப் பெயரிட்டவர் ரஷ்யத் தாவரவியலாளர் மிக்கயில் ஸ்வெத். இலையின் நிறமிகளைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழாயில் வண்ணப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டி, 1906இல் அப்பெயரை இட்டார். அவருடைய பெயருக்கே ரஷ்ய மொழியில் நிறம் என்று பொருள்.

ஆனால் என்னை இழுத்தது திரவங்களின் கதை. ஒன்றோடொன்று கலக்காத இரு திரவங்களில் ஒரு பொருளை இட்டுக் குலுக்கினால், அது இரண்டிலும் தன் விருப்பப்படி பங்காகிறது. 'அ' என்ற பொருளில் மூன்றில் இரண்டு பங்கு மேல் திரவத்துக்குப் போகிறது. 'ஆ'வில் மூன்றில் ஒரு பங்கே போகிறது என்று கொள்வோம். ஒருமுறை குலுக்கினால் இரண்டும் கலந்தேதான் இருக்கும், விகிதம் மட்டும் சற்று மாறும். மேல் திரவத்தை அடுத்த கலத்துக்கு மாற்றிப் புதிய கீழ்த் திரவத்தோடு மீண்டும் மீண்டும் குலுக்கிக்கொண்டே போனால், மெல்ல மெல்ல இரண்டும் விலகும். 1944இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் கழகத்தில் லைமன் கிரெய்க் குழாய்களை வரிசையாக அமைத்துச் செய்தது இதைத்தான்.

அதற்குச் சற்று முன், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளி ஆராய்ச்சி நிலையமொன்றில் மார்ட்டினும் சிங்கும் வேறு வழி கண்டிருந்தார்கள். இரண்டு திரவங்களும் எதிரெதிரே ஓட வேண்டியதில்லை. ஒன்று நின்றால் போதும். நீரைச் சிலிக்காத் தூளில் நிறுத்திவைத்துக் குளோரோஃபார்மை ஓடவிட்டார்கள். 1941இல் வெளியான அந்த ஆய்வுக்கு 1952இல் நோபல் பரிசு கிடைத்தது. திரவத்தை நிற்கச் செய்யத் திடப்பொருள் துணைக்கு வந்தது. திடப்பொருள் வந்தால் ஒட்டுதலும் வரும். வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை ஏறிய வீட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

திடமே இல்லாமல் ஒரு திரவத்தை நிறுத்த முடியுமா? யோய்ச்சிரோ இத்தோவும் அவருடைய தோழர்களும் 1966இல் சுருள் குழாயையும் சுழற்சியையும் கொண்டு ஒரு வழியை அறிவித்தார்கள். பின்னர் அமெரிக்காவில் இத்தோ அதை வளர்த்தெடுத்தார். நீண்ட மெல்லிய குழாய் ஓர் உருளையில் சுற்றப்பட்டிருக்கும். உருளை தன்னைத்தானே சுற்றியபடி, கோளைப் போல நடு அச்சையும் சுற்றும். அந்தச் சுழற்சியின் விசையே ஒரு திரவத்தைக் குழாயினுள் பிடித்து நிறுத்த, மற்றது அதனூடே ஓடுகிறது. நிமிடத்துக்கு 800 சுற்றுகள் என்றால் நொடிக்குப் பதின்மூன்று முறைக்கு மேல் கலந்து கலந்து பிரிகின்றன. ஓடுவது ஒன்றுதான் என்றாலும், பழைய உறவில் எதிரோட்ட வண்ணப்பிரிகை என்ற பெயர் நிலைத்துவிட்டது. இறுதியில், நின்ற திரவத்தையும் வெளியே தள்ளி எடுத்துவிடலாம். எதுவும் உள்ளே தங்கிவிடுவதில்லை.

திரவங்களைத் தேர்வதில்தான் சூட்சுமம். ஓடும் திரவத்தில் மிகுந்த நாட்டமுள்ள பொருள் பிரியாமலே ஓடிவிடும். நிற்கும் திரவத்தில் மிகுந்த நாட்டமுள்ளதோ வெளிவர நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். இரண்டின்பாலும் ஏறக்குறையச் சமமான நாட்டம் இருக்க வேண்டும்.

விடுமுறைக்கு வந்தவளிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எங்கள் துறையில் அந்த இயந்திரம் இல்லையேப்பா" என்று சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய், ஒரு சீசாவில் நீரும் மஞ்சள்தூளும் தேங்காயெண்ணெயும் விட்டுக் குலுக்கி மேசைமேல் வைத்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க எண்ணெய் மேலே கூடியது, மஞ்சள் நிறத்தையும் உடன் எடுத்துக்கொண்டு. "இந்த நிறம்கூட ஒரே பொருள் இல்லை. குர்குமினும் அதன் உறவுக்காரர்கள் இரண்டு பேரும்" என்றாள். இரவு உணவு தாமதமாயிற்று.

அவள் மீண்டும் இலை பறித்துத் தொடங்கினாள். ஆய்வேடு தாமதமாக முடிந்தது. இப்போது ஓர் ஆய்வகத்தில் வேலை. ஞாயிறு இரவுகளில் நான்தான் அழைக்கிறேன். "இந்த வாரம் எந்த இரண்டு திரவங்கள்?" என்று கேட்டுவிட்டால் போதும், அரை மணி நேரம் பேசுகிறாள். பாதி புரிகிறது. மீதிக்கு அடுத்த ஞாயிறு இருக்கிறது.