மூவேளை செபமும் ஜெராக்ஸ் கடையும்

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்குப் பகல் பன்னிரண்டு மணிதான் உச்சி வேளை. கவுண்டரைச் சாப்பாட்டுக்கு மூடுவதற்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும் என்று வருமானச் சான்றுக்கு வந்தவர், பட்டா மாறுதலுக்கு வந்தவர், முதியோர் உதவித்தொகைக்கு வந்த ஆச்சி எல்லாரும் ஒரே நேரத்தில் கையை நீட்டுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கோயில் மணி அடிக்கும். மும்மூன்றாக மூன்று தடவை, கடைசியில் விடாமல் தொடர்ந்து. கத்தோலிக்கர்களுக்கு அது மூவேளை செபத்துக்கான மணி. பழைய ஆட்கள் திரிகால செபம் என்பார்கள். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு.

செபம் சின்னதுதான். கபிரியேல் சம்மனசு மரியாவுக்குச் சேதி சொன்னது, மரியா இசைந்தது, வாக்கு மனிதரானது என்று மூன்று கட்டம். முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் மரியாவை வாழ்த்தும் மங்கள வார்த்தை ஒன்று, முடிவில் ஒரு மன்றாட்டு. நிதானமாகச் சொன்னாலும் மூன்று நிமிடம் தாண்டாது. வாரநாளில் முழங்காலிட்டும் ஞாயிறன்று நின்றும் சொல்வது பழைய வழக்கம். பாஸ்கா காலத்தில் இதற்குப் பதில் வேறொரு செபம். என் கடையில் முழங்காலிட இருந்த இடத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. அதனால் எனக்கு எல்லா நாளும் ஞாயிறுதான்.

மூன்று மணியிலும் மூத்தது மாலை மணி. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் அந்தி மணி கேட்டதும் மங்கள வார்த்தை சொல்லப் பழக்கினார்கள். காலை மணி அதற்குப் பின்னால் வந்தது. கடைசியாகச் சேர்ந்த பகல் மணிக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. 1456இல் ஒட்டோமான் படை பெல்கிரேடை நெருங்கியபோது, பகலிலும் மணியடித்து மன்றாடும்படி திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் ஆணையிட்டார். ஊரார் சான்றிதழுக்கு நகல் எடுக்கிற வேளையில் கேட்கும் மணிக்கு இப்படி ஒரு பூர்வீகம் இருப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எங்கள் கடற்கரைக்கு மணி என்றால் வேறு ஞாபகம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் கைமணியை ஆட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்து, பிள்ளைகளைக் கூட்டி வைத்து, தமிழாக்கி வாங்கிய செபங்களைச் சொல்லிக் கொடுத்தார். இப்போது எங்கள் கோயிலில் கோயில்பிள்ளை கயிறு இழுப்பதில்லை. டைமர் வைத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் பதிவு செய்த மணிதான் ஒலிக்கிறது.

இந்தச் செபத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் படித்தவர்கள் மில்லேயின் ஓவியத்தைச் சொல்வார்கள். 1857க்கும் 1859க்கும் இடையில் வரைந்தது, இப்போது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்கு வயலில் ஒரு ஆணும் பெண்ணும் தலைகுனிந்து நிற்கிறார்கள். ஆண் தொப்பியைக் கையில் பிடித்திருக்கிறார், பக்கத்தில் மண்ணில் குத்தி வைத்த கவைக்கோல். தொலைவில் கோயில் கோபுரம். வயலில் வேலை செய்யும்போது மணி கேட்டால், இறந்தவர்களுக்காகச் செபம் சொல்லத் தன் பாட்டி எல்லாரையும் நிறுத்திவிடுவார் என்று மில்லே நினைவுகூர்ந்திருக்கிறார். நல்ல படம். ஆனால் அவர்களால் கவைக்கோலைக் குத்தி வைத்துவிட்டு நிற்க முடிந்தது. உருளைக்கிழங்கு, “அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று சொல்லாது.

ஆகவே நான் நிறுத்துவதில்லை. இயந்திரத்தில் தாளை வைத்து மூடியதும் முதல் கட்டம், சில்லறை எண்ணும்போது மங்கள வார்த்தை. இப்படிச் சொல்வது செபமா என்று கேட்டால் சாமியார்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மனத்துக்கு ஓய்வு, பதற்றம் தணியும் என்று ஞாயிறு இணைப்பிதழ்களில் எழுதுகிறார்களே, அதை மட்டும் நான் நம்பவில்லை. எனக்கு எந்தப் பதற்றமும் தணிந்ததில்லை. கூட்டத்துக்கு நடுவே இன்னொரு தொந்தரவு, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் இந்தச் செபம் சொல்லும் கதையே ஒரு தொந்தரவைப் பற்றியதுதான். அப்போது மரியா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நற்செய்தியாளர் லூக்கா எழுதவில்லை. சம்மனசு முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வரவுமில்லை.

ஆனால் லூக்கா எழுதிய ஒன்றைச் செபம் விட்டுவிட்டது. சேதியைக் கேட்டதும் மாதா உடனே சரி என்று சொல்லவில்லை. இது எப்படி நடக்கும், எனக்குக் கணவர் உறவு இல்லையே என்று கேட்கிறார். பதில் வந்த பிறகுதான் இசைகிறார். அதே அதிகாரத்தில் குருவாகிய சக்கரியாவும் சம்மனசிடம் கேள்வி கேட்கிறார், அவருடைய வாய் அடைக்கப்படுகிறது. இரண்டு கேள்விக்கும் என்ன வித்தியாசம் என்று பிரசங்கங்களில் நிறைய விளக்கம் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், கலிலேயாவின் ஒரு சிற்றூர்ப் பெண் கேட்டாள், அவளுக்குப் பதில் கிடைத்தது என்பதுதான்.

செபத்தில் முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவே அந்தக் கேள்வி இல்லை. சேதி வந்தது, அடிமை இசைந்தாள் என்று நேராகப் போய்விடுகிறது. நாள்தோறும் மூன்று வேளை இப்படிச் சொல்லிச் சொல்லி எங்கள் வீடுகளில் ஒரு பாடம் பதிந்து போயிருக்கிறது. மாதாவைப் போல இரு என்று பெண்பிள்ளையிடம் சொன்னால், கேட்காதே என்று பொருள். கலியாணப் பேச்சிலும் சரி, சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போதும் சரி. விடுதலைப் பத்திரத்தை இரண்டு பிரதி எடுக்க அண்ணன் தம்பியோடு வரும் பெண்கள் எத்தனையோ பேர் என் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களில் பலர் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

செபத்தைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை, ஆசையும் இல்லை. 1974இல் திருத்தந்தை ஆறாம் பவுலே இதற்குத் திருத்தம் தேவையில்லை என்று எழுதிவிட்டார். முதல் மங்கள வார்த்தையைச் சொல்லும்போது அந்தக் கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்கிறேன். அங்கே அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது.

அது வெளியிலும் வந்துவிட்டது. அலுவலகத்து ஆள் ஒருவர், “அம்மா, இதை முப்பது காப்பி போட்டு வைங்க, அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார். முன்பு போட்டு வைப்பேன். இப்போது, “அப்புறம்னா எப்ப சார்?” என்று கேட்கிறேன். படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கும் ஆச்சியிடம் அப்படிக் கேட்பதில்லை. எல்லாத் தொந்தரவும் ஒரே வகையில்லை என்பது கேட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது.

போன வருடம் அண்ணன் போன் செய்தார். அம்மா இனி உன்னோடு இருக்கட்டும் என்றார். மறுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும், “எப்படிண்ணே? மருந்துச் செலவு யாரு பார்ப்பா? கடை நேரத்துல கூட யாரு இருப்பா?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, அண்ணியிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். சொல்லவும் செய்தார். மருந்து அவர் பொறுப்பு, கோடை விடுமுறையில் அம்மா அங்கே, பகலில் துணைக்கு வரும் பெண்ணுக்குச் சம்பளம் பாதிப் பாதி.

அம்மாவுக்குக் காது மந்தம். கோயில் மணி கேட்காது, ஆனால் ஆறு மணி தெரியும். நான் பாலை அடுப்பில் வைத்திருக்கும்போது அறையிலிருந்து முன்பாதியை உரக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அடுப்படியிலிருந்து என் பதில் வராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். பால் பொங்கினாலும் விடமாட்டார்.