செவிலி சுட்ட பலகாரம்

பிற்பகல் மூன்று மணிக்கென்று ஒரு மணம் உண்டு. தமிழ்நாட்டு இல்லங்களில் அது பெரும்பாலும் காப்பியின் மணமாக இருக்கும். நாங்கள் 1983 முதல் 1989 வரை வாழ்ந்த லாஸ் பான்யோஸ் என்னும் ஊரிலோ, கொதிக்கும் எண்ணெயில் சர்க்கரை உருகி வாழைப்பழத்தின்மேல் படியும் மணமாக அது இருந்தது. அம்மணம் நெடுங்காலத்திற்குப் பின் தில்லியில் எங்கள் சமையலறையில் மீண்டும் எழுந்த வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுந்தோம். கணவனும் மனைவியுமாக இருவரும் சேர்ந்து சமைத்தோம். ஆதலால் எழுதுவதும் இருவரும் சேர்ந்தே எனக் கொள்க.

லாஸ் பான்யோஸ் பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில், மணிலாவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், மக்கிலிங் மலையின் அடிவாரத்தில் அமைந்தது. 1960-இல் நிறுவப்பெற்ற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் உள்ளது. நம் உழவர்கள் ‘ஐ.ஆர். எட்டு’ என்று அறிந்த நெல் 1966-இல் அங்கிருந்து வந்ததே. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அந்நிலையத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். அக்காலத்தில் எங்களுள் ஒருவர் அங்கு மண்ணியல் பிரிவில் பணிபுரிந்தார். மற்றவர் அவ்வூர்ப் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்தார். எங்கள் ஒரே மகளுக்கு அப்போது வயது மூன்று. பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மையார் வந்தார். மூத்த சகோதரியை அந்நாட்டார் ‘ஆத்தே’ என்று அழைப்பர். நாங்களும் அவரை அவ்வாறே அழைத்தோம். ஒலியில் நம் ஆத்தாளையும் உறவில் நம் அக்காளையும் நினைவூட்டிய அச்சொல்லை எங்கள் மகள் ஒரு நாளைக்கு நூறுமுறை சொல்லுவாள்.

அந்நாட்டில் காலை உணவுக்கும் பகலுணவுக்கும் இடையிலும், பின்னர் மாலையிலும் சிற்றுண்டி உண்ணும் வழக்கம் உண்டு. அதற்கு மெரியெந்தா என்று பெயர். 1565 முதல் 1898 வரை ஆண்ட ஸ்பானியர் விட்டுச்சென்ற சொல் அது. மாலைச் சிற்றுண்டிக்கு ஆத்தே பெரும்பாலும் வாழைப்பழத்தையே எடுப்பார். முழுப் பழத்தைச் சர்க்கரையோடு எண்ணெயில் பொரித்து மூங்கிற் குச்சியில் கோத்தால் அது ‘பனானா கியூ’. விசிறிபோலக் கீறி மாவில் தோய்த்துப் பொரித்தால் அது ‘மருயா’. நீளவாக்கில் நறுக்கிச் சர்க்கரையில் புரட்டி, ஒரு பலாச்சுளைக் கீற்றை உடன்வைத்து, மெல்லிய மாவுத் தாளில் சுருட்டிப் பொரித்தால் அதுவே ‘துரோன்’. எங்கள் மகள் உயிரை விட்டது துரோனுக்கு.

உறையாகிய லும்பியாத் தாள் சீனத்திலிருந்து குடியேறியவர் கொணர்ந்தது. பெயரோ ஸ்பானியத்திலிருந்து வந்தது. பழம் மட்டும் அம்மண்ணுக்கே உரியது. பலாவை அவர்கள் ‘லங்கா’ என்பர். முதல்நாள் அதைக் கேட்ட எங்கள் மகள், “இராவணன் ஊரையா தின்கிறோம்?” என்று வினவியது இன்றும் எங்கள் வீட்டு நகைச்சுவை. வாழையும் பலாவும் ஓர் உறையினுள் கிடக்கக் கண்டபோது, முக்கனியில் இரண்டு இங்கே இருக்கின்றனவே என்று வியந்தோம். மூன்றாவதாகிய மாவோ, நம் ‘மாங்காய்’ என்னும் சொல்லே மலாய் வழியாகச் சென்று ‘மங்கா’ என வழங்கப் பெயராலேயே உறவு கொண்டாடியது. இவற்றையெல்லாம் எண்ணி மகிழ்ந்தோம்; ஊருக்குக் கடிதமும் எழுதினோம். ஆனால் துரோன் சுட்ட கையைப் பற்றி ஒரு வரியும் எழுதினோமில்லை.

எங்கள் அச்சம் வேறாக இருந்தது. மகள் தமிழை மறந்துவிடுவாளோ என்று நடுங்கினோம். மாலைதோறும் ஆத்திசூடி ஓதுவித்தோம். தகாலோக் மொழியில் ஒரு சொல் வாயில் வந்தால் முகம் சுளித்தோம். ஒரு பொங்கலன்று எங்கள் சர்க்கரைப் பொங்கலை ஒதுக்கிவிட்டு அவள் துரோன் கேட்டு அழுதாள். அன்று எங்களுக்கு வந்த சினத்தை நினைத்தால் இன்றும் நாணுகிறோம். ஒரு மாதம் வீட்டில் துரோன் சுடலாகாது என்று ஆத்தேயிடம் கட்டளையிட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. அம்மாதம் முழுவதும் அவிழ்த்த வாழைச்சீப்பு அடுக்களையில் கறுத்துத் தொங்கியது.

1986 பிப்ரவரி 22 முதல் 25 வரை மணிலாவின் எட்சா நெடுஞ்சாலையில் மக்கள் கடலெனத் திரண்டு மார்க்கோசின் ஆட்சியை முடித்துவைத்த நான்கு நாட்களும் எங்கள் நினைவில் நிற்கின்றன. வானொலியைச் சூழ்ந்து அண்டை வீட்டார் அமர்ந்திருந்தனர். அந்நாட்களிலும் மூன்று மணிக்கு ஆத்தே அடுப்பு மூட்டத் தவறவில்லை. சுட்டதைத் தட்டில் குவித்துத் தரையில் வைத்து, எங்களை நிமிர்ந்து நோக்கி, “காயின் தாயோ” என்றார். ‘உண்போம்’ என்பது அதன் பொருள். நாங்கள் புன்னகைத்துவிட்டு, எங்கள் பங்கைத் தனித்தட்டில் எடுத்துக்கொண்டு மேசைக்குச் சென்றோம்.

தகாலோக் மொழியிலும் நம் தமிழைப் போலவே தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரை விலக்கிச் சொல்வது ‘காமி’. அது நம் ‘நாங்கள்’. கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது ‘தாயோ’. அது நம் ‘நாம்’. இவ்விலக்கண ஒற்றுமையை அப்போதே அறிந்திருந்தோம். விருந்தினரிடம் சொல்லிப் பெருமையும் கொண்டோம். ஆத்தே எங்களை ‘நாம்’ என்று அழைத்தார் என்பதும், நாங்கள் அவரிடம் என்றும் ‘நாங்கள்’ ஆகவே நின்றோம் என்பதும் மட்டும் எங்களுக்கு உறைக்கவில்லை.

அவர் கணவர் சவூதியில் கட்டட வேலை செய்தார். அவருடைய இரு குழந்தைகள் கேசோன் மாநிலத்துச் சிற்றூரொன்றில் பாட்டியிடம் வளர்ந்தனர். இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். எங்கள் மகளுக்கு மூன்று மணிக்குப் பலகாரம் சுடும் அவருடைய பிள்ளைகளுக்கு அந்நேரம் யார் சுட்டுத் தருகிறார்கள் என்று ஆறு ஆண்டுகளில் ஒருமுறையேனும் கேட்டோமா? கேட்டதில்லை. 1989-இல் விடைபெற்றபோது குழந்தை அவர் சேலையில்லாத தோளைப் பற்றிக்கொண்டு கதறியது. “நம் ஊருக்குத்தானே போகிறோம்” என்று சொல்லிப் பிரித்து எடுத்தோம். பின்னர் அவரிடமிருந்து இரு கடிதங்கள் வந்தன. ஒன்றற்கு விடை எழுதினோம். வீடு மாறியதில் முகவரி போயிற்று.

சென்ற ஆண்டு எங்கள் மருமகப்பிள்ளை காலமானார். சித்திரை மாதத்தில் மகள் கனடாவிலிருந்து தனியாகத் தில்லி வந்து சேர்ந்தாள். நாற்பதைக் கடந்தவள், ஆயினும் கதவைத் திறந்தபோது எங்கள் கண்ணுக்கு மூன்று வயதுக் குழந்தையாகவே தோன்றினாள். அவள் அழவில்லை, உண்ணவுமில்லை. மிளகு ரசம் வைத்தோம்; அதிரசம் சுட்டோம்; பருப்புத் துவையல் அரைத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு கவளம் எடுத்து, “நன்றாக இருக்கிறது அம்மா” என்று சொல்லித் தட்டை நகர்த்துவாள். அந்த மரியாதை எங்களை வருத்தியது. இருபது நாள் சென்றபின், வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், கடிகாரத்தைப் பார்த்தவாறே, “அப்பா, துரோன் கிடைத்தால் தின்பேன்” என்றாள்.

அன்றே முனைந்தோம். தள்ளுவண்டியில் கிடைத்த நீண்ட பச்சைவாழைப் பழத்தை நறுக்கி, மைதா மாவை மெல்லிதாக இட்டுச் சுருட்டி எண்ணெயில் விட்டோம். பழம் கூழாய்க் கரைந்து உறையைக் கிழித்து வெளிவந்தது. எண்ணெய் சீறித் தெறித்தது. அவ்வப்பழத்திற்கு அவ்வச் செயல் என்பதை மண்ணியல் பயின்றவரும் மறந்திருந்தார். அங்கு வழங்கும் ‘சபா’ என்னும் வாழை குட்டையாய், பட்டையாய், கோணங்கள் உடையதாய் இருக்கும். பழுத்தபின்னும் மாவுத்தன்மை மிகுந்து நிற்பதால் சூட்டில் உருக்குலையாது. மறுநாள் ஐ.என்.ஏ. சந்தைக்குச் சென்று நேந்திரம் வாங்கினோம். உறுதி இருந்தது, ஆயினும் நாரும் தனிமணமும் மேலோங்கின. மகள் பாதி தின்று, “இது கேரளம்” என்றாள். வந்த நாள் முதல் அவள் முகத்தில் நாங்கள் கண்ட முதல் புன்னகை அது.

சபாவுக்கு நெருங்கிய இனம் நம் மொந்தனே என்பது பின்னர்தான் நினைவுக்கு வந்தது. கரோல் பாக்கில் தமிழர் கடையொன்றில் கறிக்கு விற்ற மொந்தங்காயை வாங்கி, தாளில் சுற்றி, அரிசிப் பாத்திரத்தினுள் புதைத்து நான்கு நாள் பழுக்க வைத்தோம். நெல்லைத் தேடிச் சென்ற குடும்பம் அரிசிக்குள் வாழையை வைத்துக் காத்திருந்தது. அதற்குள் சென்னையிலிருந்து வந்த உறவினர் பண்ருட்டிப் பலாச்சுளை கொணர்ந்தார். உறைக்கு உறைபெட்டியிலிட்டு விற்கும் மெல்லிய மாவுத் தாளே போதுமானதாயிற்று.

ஐந்தாம் நாள் மூன்று மணிக்கு மகளே அடுப்படிக்கு வந்தாள். நாங்கள் நாட்டுச் சர்க்கரையை நீர்விட்டுப் பாகு காய்ச்ச முற்பட்டோம். “நீர் கூடாது” என்று தடுத்தாள். நமக்குப் பாகு என்றால் நீரில் கரைந்து கம்பிப் பதம், உருட்டுப் பதம் என ஏறுவது. துரோனுக்கோ சர்க்கரையை எண்ணெயிலேயே தூவவேண்டும். சர்க்கரை எண்ணெயில் கரையாது. அடியில் உருகி, புரளும் சுருளைப் பற்றிக்கொள்ளும். ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் அது நிறம் மாறத் தொடங்கும். சற்றே அசந்தால் கசக்கும். நாட்டுச் சர்க்கரை விரைவில் கருகுவதால் பழுப்புச் சர்க்கரைக்கு மாறினோம். சுருள்களைப் போட்டு, முதற் கொதிப்பு அடங்கியபின் ஒரு கைப்பிடி தூவி, இடுக்கியால் உருட்டிக்கொண்டே இருந்தாள். பொன்னிறம் செம்பொன்னாகிச் செம்பாயிற்று. தாளில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று கம்பித்தட்டின்மேல் இடைவெளிவிட்டு அடுக்கினாள்.

எடுத்து உண்ணப்போன எங்களை மீண்டும் தடுத்தாள். ஒன்றை எடுத்துச் செவியருகே பிடித்து நகத்தால் தட்டினாள். ஓசை எழவில்லை. இன்னும் சற்றுப் பொறுத்துத் தட்டினாள். கண்ணாடியைத் தட்டினாற்போல் ‘டக்’ என்றது. “ஆத்தே இப்படித்தான் என் காதருகே வைத்துத் தட்டுவார்” என்றாள். சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்தது. அன்றுதான் அவள் அழுதாள். கணவருக்காகவும் ஆத்தேக்காகவும் ஒருங்கே அழுதாள் என்று எண்ணுகிறோம். பிரித்தறிய முற்படவில்லை.

அகப்பாடல்களை ஓதிய தமிழர்க்குச் செவிலித்தாய் புதியவள் அல்லள். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், புது இல்லத்தில் புகை கண்ணில் பட மகள் தானே சமைத்த புளிக்குழம்பைக் கணவன் விரும்பி உண்ண, அவள் முகம் உள்ளுற மலர்ந்த செய்தியைக் கண்டுவந்து பெற்ற தாய்க்குச் சொல்பவள் செவிலியே. சங்கக் கூட்டங்களில் அப்பாட்டுக்கு விளக்கம் சொல்லிக் கைதட்டல் பெற்றவர்கள் நாங்கள். எங்கள் அடுக்களையிலேயே ஆறு ஆண்டுகள் நின்ற செவிலியை அடையாளம் காணத் தவறினோம். ஏட்டில் கண்டவளை வீட்டில் காணாத கல்வியை என்னவென்பது!

மகள் தமிழை மறக்கவில்லை. அந்த அச்சம் பொய்த்தது. ஆனால் துன்பம் வந்த நாளில் அவள் நா தேடியது எங்கள் ஊரின் சுவையை அன்று. தன் ஊரின் சுவையை. எங்களுக்கு அன்னையர் சுட்ட அதிரசம் எதுவோ, அவளுக்குத் துரோன் அதுவே. பிள்ளைக்கு ஊரைப் பெற்றோர் எழுதிக் கொடுக்க முடியாது. ஊட்டிய கையே அதை எழுதுகிறது. வெளியூரில் வாழும் நம்மவர் வீடுகளில் இன்றும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த மொழியினராயினும் ஆகுக. அவர்களுடைய பிள்ளைகள் அந்நேரம் என்ன உண்கின்றனர் என்று கேட்க மறவாதிருப்போமாக. நாங்கள் மறந்தோம்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தட்டை எடுத்துத் தரையில் வைத்து அமர்ந்தாள். எங்களை நிமிர்ந்து நோக்கி, “காயின் தாயோ” என்றாள். முழங்கால் வலி இருவர்க்கும் உண்டு. ஆயினும் இம்முறை தனித்தட்டு எடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு மெல்லத் தரையில் அமர்ந்தோம். நான்காவதாக ஓர் இடம் விட்டு, நாம் உண்டோம்.