வந்தும் தெரியாத படங்கள்

கடிதம் போய்ச் சேர்வது வேறு. அது படிக்கப்படுவது வேறு. மின்னஞ்சலில் நிழற்படம் அனுப்புவோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனவே கருதிவிடுகின்றனர். அனுப்பியவரின் திரையில் படம் பளிச்சென்று தெரிகிறது. பெற்றவர்களுள் சிலர் 'பார்த்தோம்' என்று பதில் எழுதுகின்றனர். எஞ்சியோரின் மௌனத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை. அம்மௌனம் ஒரு குடும்பத்தில் என்னென்ன செய்யவல்லது என்பதை அண்மையில் கண்டேன்.

எங்கள் வாப்பாவின் மறைவுக்குப் பின், வீட்டின் பழைய கிரயப் பத்திரத்தை உடன்பிறந்தோர் அனைவரும் படித்த பிறகே பாகம் பற்றிப் பேசுவது என்று முடிவாயிற்று. நாங்கள் ஆளுக்கோர் ஊரில் இருக்கிறோம். ஆகவே தம்பி மகன் ஒன்பது தாள்களையும் கைபேசியில் படம்பிடித்து எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினான். பத்து நாள் கழித்து மூத்த ராத்தா தொலைபேசியில் அழைத்தார்.

"எல்லாரும் பாத்தாச்சுங்கிறாங்க தம்பி. எனக்கு மட்டும் ஒண்ணுமே தெறக்கலே. நான் பாக்கக் கூடாதது ஏதும் அதுலே இருக்கா?"

அக்குரலில் கோபம் இல்லை. அதுவே என்னை வாட்டியது. "ராத்தா, திரையிலே என்ன தெரியுதோ அதை அப்படியே சொல்லுங்க" என்றேன். ஒன்பது பெயர்கள் வரிசையாக இருப்பதாகவும், தொட்டால் திறக்க இயலாது என்று வருவதாகவும் கூறினார். பெயரின் வாலில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஹெச்.இ.ஐ.சி. என்ற நான்கு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். நோய் விளங்கிவிட்டது.

எங்கள் பாட்டியார் அரபுத் தமிழில்தான் கடிதம் எழுதுவார். மொழி நம் தமிழே. எழுத்து மட்டும் அரபு. அவ்வெழுத்தைக் கல்லாத பேரப்பிள்ளைகளின் கையில் அக்கடிதம் முழுமையாக இருந்தும் ஊமையாகவே இருந்தது. படக்கோப்பின் நிலையும் இதுதான். படம் முழுமையாக வந்திருக்கிறது. அது எழுதப்பட்ட எழுத்தை ராத்தாவின் பழைய கணினி அறியவில்லை.

தொடக்க கால மின்னஞ்சல் வெறும் எழுத்துகளை மட்டுமே சுமந்தது. படத்தையும் ஒலியையும் இணைத்து அனுப்பும் 'மைம்' என்னும் முறை 1992-இல் வெளியாயிற்று. நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் ஆகிய இருவர் அதனை வகுத்தனர். 'ஜேபெக்' என்னும் படவகையும் அதே 1992-இல் தரப்படுத்தப்பட்டது. அன்று முதல் ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் படிக்கும் பொது எழுத்தாக ஜேபெக் விளங்கி வருகிறது. இடத்தை மிச்சப்படுத்தும் ஹெச்.இ.ஐ.சி. வகையை 2017-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைபேசிகளில் வழக்கமாக்கியது. பிற நிறுவனங்களின் கைபேசிகள் சிலவற்றிலும் அவ்வகை உண்டு. புதிய கருவிகள் இதனைப் படிக்கும். பழையவற்றுள் பல படிக்கமாட்டா.

மருந்து எளிது. படத்தை ஜேபெக்காகச் சேமித்து அனுப்ப வேண்டும். கைபேசியின் கேமரா அமைப்பில் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் வகையைத் தெரிவு செய்துவிட்டால் இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே அமையும். கோப்பின் பெயரிலுள்ள வாலை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. உறையின் மேல் முகவரியை மாற்றினால் உள்ளிருக்கும் எழுத்து மாறுமா? பத்திரம் போன்ற ஆவணமாயின் எல்லாத் தாள்களையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி அனுப்புவது இன்னும் நலம். தாள்களின் வரிசையும் குலையாது.

படம் தெரியாமைக்கு வேறு காரணங்களும் உள. கடிதத்தின் நடுவே வெற்றுக் கட்டம் தோன்றினால், பெரும்பாலும் அப்படம் கடிதத்துடன் வரவில்லை. வெளியே ஓரிடத்திலிருந்து எடுத்துக் காட்டப்பட வேண்டியது. கடிதம் திறக்கப்பட்டதை வேவு பார்க்க இவ்வழி பயன்படுவதால் பல அஞ்சல் செயலிகள் அதனைத் தடுத்து வைக்கின்றன. அறிந்தவரின் கடிதமாயின் 'படங்களைக் காட்டு' என்பதை அழுத்தினால் போதும். படங்களுக்குப் பதிலாக 'வின்மெயில்.டாட்' என்ற ஒற்றைக் கோப்பு வந்தால், அனுப்பியவர் அவுட்லுக்கில் கடித அமைப்பை 'ஹெச்.டி.எம்.எல்.' என மாற்றி மறுபடி அனுப்ப வேண்டும். 'அனுமதி இல்லை' என்று வந்தால், வந்தது படமன்று, இணைப்பு மட்டுமே. உரிமையாளர் பார்க்கும் அனுமதி வழங்க வேண்டும்.

கடிதமே வந்து சேராவிடில் எடையை நோக்குக. ஜிமெயிலில் எல்லை 25 மெகாபைட். அஞ்சலில் செல்லும்போது படம் எழுத்துகளாக மாற்றப்படுவதால் அதன் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது; 18 மெகாபைட் படங்கள் 24 ஆகிவிடும். ஆகவே இரண்டு மூன்று கடிதங்களாகப் பிரித்து அனுப்புவதே அறிவுடைமை.

அன்று மாலையே தாள்கள் ஜேபெக்காக ராத்தாவுக்குச் சென்றன. இரவு மீண்டும் அழைத்தார். ஏழாம் தாளில் கிணற்றுக்குச் செல்லும் நடைபாதை அடுத்த வீட்டாருக்கும் பொதுவென்று எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அடுத்த வீட்டு மாமி அவ்வழியே தண்ணீர் எடுத்ததைச் சிறுமியாக இருந்து பார்த்தவர் அவர் ஒருவரே. 'பார்த்தோம்' என்று எழுதிய எங்களில் எவருக்கும் அவ்வரி உறைக்கவில்லை. அவர் பார்க்காமலே பாகம் பிரித்திருந்தால் பிறர் உரிமையையும் சேர்த்துப் பங்கிட்டிருப்போம்.

மௌனம் சம்மதம் என்பர். மின்னஞ்சலில் அது பொருந்தாது. மௌனத்தின் பின்னே திறவாத கோப்பு இருக்கலாம். 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லக் கூசும் முதியவர் இருக்கலாம். மதரஸாவில் பாடம் முடிந்ததும் 'விளங்கிற்றா' என்று கேட்பதோடு நாங்கள் நிறுத்துவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் தலையசைத்துவிடுவார்கள். ஓதிக் காட்டச் சொல்வோம். குடும்பத்துக்குப் படம் அனுப்புவோரும் 'கிடைத்ததா' என்று கேட்பதோடு அமையாமல், 'மூன்றாம் படத்தில் என்ன இருக்கிறது?' என்று ஒவ்வொருவரையும் கேட்பது நன்று.