பயணியின் உறக்கமும் ஓர் ஆசிரியரின் தவறும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் கூற வேண்டும். வலங்கைமானில் நாம் நடத்திவரும் காலை மக்தபிற்கு, அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சிறுவன் ஒருவனை அவனுடைய நன்னா அழைத்து வந்து சேர்த்தார். வயது ஒன்பது இருக்கும். முதல் நாளே ஓதிக்கொண்டிருக்கும்போது உறங்கி விழுந்தான். இரண்டாம் நாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் அவனை எழுப்பி, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நிற்க வைத்தோம். "குர்ஆனுக்கு முன்னால் தூக்கமா?" என்று கேட்டோம். அவன் கண்களைக் கசக்கிக்கொண்டு, "ஹஜ்ரத், எங்க வீட்ல இப்ப ராத்திரி" என்றான். பிள்ளைகள் சிரித்தனர். நாம் அதை வாய்த்துடுக்கு என்று எடுத்துக்கொண்டோம். வகுப்பு முடியும்வரை அவன் நின்றுகொண்டே இருந்தான். மறுநாள் முதல் வரவில்லை.

அவன் கூறியது உண்மை என்பதை உணர நமக்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

நம் மகளின் பிரசவத்திற்காகச் சென்ற அக்டோபர் மாதம் நாமும் துணைவியாரும் அதே நியூ ஜெர்சிக்குச் சென்றோம். அம்மாதத்தில் அவ்வூர் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். வீடு சேர்ந்து அஸர் தொழுதுவிட்டு, "மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே" என்று மாலை ஐந்து மணிக்குத் தலை சாய்த்தோம். அப்போது வலங்கைமானில் பின்னிரவு இரண்டரை மணி. களைத்து வந்தவரை எழுப்ப மகளுக்கு மனம் வரவில்லை. கண் விழித்தபோது நள்ளிரவு ஒரு மணி. மஃரிப் தவறிவிட்டது. உளூச் செய்து, மஃரிபைக் கழாவாகத் தொழுது, பின்னர் இஷாவைத் தொழுதோம். இத்தனை ஆண்டுகள் பிறருக்குத் தொழுகையைக் கற்பித்தவரின் முதல் அமெரிக்க இரவு இவ்வாறு கழிந்தது.

கைபரிலிருந்து திரும்பிய பயணத்தில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் உறங்கிவிட, காவலுக்கு இருந்த பிலால் (ரலி) அவர்களும் கண்ணயர்ந்து, சூரியனின் வெப்பம் பட்ட பிறகே அனைவரும் விழித்த வரலாற்றை நாம் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். நபியவர்கள் பிலாலைக் கடிந்துகொள்ளவில்லை. அவ்விடத்தைவிட்டுச் சற்று நகர்ந்து சென்று தொழவைத்தார்கள். இதிலிருந்து கழாத் தொழுகையின் சட்டத்தை மட்டுமே நாம் எடுத்துக் கூறி வந்தோம். பயணியின் உறக்கத்தை மன்னித்த அந்தப் பண்பைப் பிள்ளைகளுக்கும் கூறவில்லை, நாமும் கற்கவில்லை.

ஜும்ஆவுக்குச் சென்ற பள்ளிவாசலில் தஞ்சைப் பக்கத்து மருத்துவர் ஒருவரைச் சந்தித்தோம். அவர் பொறுமையாக விளக்கினார். ஜெட் லாக் என்பது வெறும் பயணக் களைப்பன்று. மூளையில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே ஏறத்தாழ 20,000 உயிரணுக்களைக் கொண்ட ஒரு கடிகாரத்தை இறைவன் அமைத்திருக்கிறான். எப்போது உறங்குவது, எப்போது பசிப்பது என்பதை அது முறைப்படுத்துகிறது. இத்தகைய உடற்கடிகாரம் உயிரணுவுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கடிகாரத்தைத் திருத்தி வைப்பது முதன்மையாகக் கண்ணில் படும் வெளிச்சமே. விமானம் ஒரே நாளில் நம்மைக் கொண்டு சேர்த்துவிடும். கடிகாரமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். நம் வட்டாரத்தில் நாற்றைப் பறித்து நட்டால், அது வேர் பிடித்துப் பச்சை திரும்பச் சில நாட்கள் ஆகுமல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். கடலில் பல நாட்கள் கழிந்ததால், நேர வேறுபாடு சிறுகச் சிறுகவே வந்தது. அவர்களுக்கு இத்தொல்லை இருக்கவில்லை.

மேற்கே செல்வதைவிடக் கிழக்கே திரும்புவது கடினம் என்றும் மருத்துவர் எச்சரித்தார். மனித உடலின் இயல்பான நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்டது. ஆகவே உறக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது. முன்னதாக உறங்குவது அரிது.

அதே பள்ளிவாசலில்தான் அந்தச் சிறுவனையும் கண்டோம். இப்போது பதினைந்து வயது, நம்மைவிட உயரம். தானே வந்து ஸலாம் கூறினான். அவன் கையைப் பற்றிக்கொண்டு, "தம்பி, அன்று உம்மை நிற்க வைத்தது தவறு, எம்மை மன்னித்துவிடும்" என்றோம். அவன் கூச்சத்துடன், "பரவாயில்ல ஹஜ்ரத். அப்புறம் ஊருக்கு வந்தா மக்தபுக்கு மட்டும் வர மாட்டேன்னு அடம் பிடிப்பேன்" என்றான். குறை கூறும் நோக்கில் அவன் அதைச் சொல்லவில்லை. ஆனால் நமக்கு அன்று உணவு இறங்கவில்லை. ஒரு குழந்தைக்கும் குர்ஆன் வகுப்பிற்கும் இடையே நாம் தடையாக இருந்திருக்கிறோம்.

ஊர் திரும்பிய முதல் வாரம், காலை ஏழு மணி வகுப்பில் பிள்ளைகளின் முன்னால் நாமே உறங்கி விழுந்தோம். நியூ ஜெர்சியில் அப்போது இரவு நேரம். அந்தச் சிறுவனின் பதிலை அன்று நம் பிள்ளைகளுக்குக் கூறினோம். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

பயணம் செய்யும் குடும்பங்களுக்கு நம் அனுபவத்திலிருந்தும் மருத்துவர் கூறியதிலிருந்தும் சில செய்திகள்:

உம்ராவுக்குச் செல்வோர் அஞ்ச வேண்டியதில்லை. மக்கா நம்மைவிட இரண்டரை மணி நேரமே பின்தங்கியது. இஷாவுக்குப் பின் விரைவில் உறக்கம் வரும், பின்னிரவில் தானாக விழிப்பு வரும். அதைத் தஹஜ்ஜுதுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தொலைதூரம் மேற்கே செல்வோர், இறங்கிய அன்று மாலை வெளிச்சத்தில் நடந்து, இஷா தொழும்வரை விழித்திருக்க முயல வேண்டும். பகலில் தாங்க முடியாவிட்டால் கைலூலாவாக அரை மணிக்குள் எழுந்துவிட வேண்டும். அஸருக்குப் பின் தேநீரும் காப்பியும் வேண்டாம். தொழுகைக்கு எழுப்பும்படி வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரக்கப்பட்டு விட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்புவோருக்கு முதல் சில நாட்கள் காலை வெயிலைவிடப் பிற்பகல் வெயிலே கூடுதலாக உதவும். அந்நாட்டு விடியற்காலை நமக்கு நண்பகலுக்குப் பின் வருவதே காரணம். லுஹருக்குப் பின் வெளியே நடப்பது நன்று. விமான நிலையத்திலிருந்து பயணியே வாகனம் ஓட்டி வருவதைத் தவிர்க்க வேண்டும். இன்சுலின் போடுவோர் மருந்து நேரத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே புறப்பட வேண்டும்.

உஸ்தாதுமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளை முதல் வாரம் காலை வகுப்பிற்குக் கட்டாயப்படுத்தாதீர்கள். அஸருக்குப் பின் வரச் சொல்லுங்கள். நாமும் இவ்வாண்டு முதல் அவ்வாறே மாற்றியிருக்கிறோம்.

அந்தத் தம்பி அடுத்த விடுமுறைக்கு வருவதாகக் கூறியிருக்கிறான். மக்தபுக்கும் வருவான் என்று நம்புகிறோம். நம் பிழைகளை அல்லாஹ் மன்னித்து, பயணத்திலும் ஊரிலும் நம் தொழுகைகளைப் பேணும் வாய்ப்பைத் தந்தருள்வானாக. ஆமீன்.