பத்து தோட்டா, ஆறு ஓட்டை

எலிப்பொறி வைக்கச் சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆசாமி நான். அப்படிப்பட்ட நான் ஒரு ரைஃபிள் கிளப்பில் மெம்பர் என்றால் யாரும் நம்புவதில்லை. என் மனைவி இன்றைக்கும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வேறு எங்கோ போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வருவதாகத்தான் அவள் அபிப்பிராயம்.

எல்லாம் சித்தப்பாவால் வந்தது. ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ரிடையர் ஆனவர். அதில் முப்பது வருஷம் கிளப்பிலும் உறுப்பினர். வெற்றிலை பாக்கு இல்லை, சீட்டாட்டம் இல்லை, டி.வி. சீரியல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை துப்பாக்கி. அவ்வளவுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வந்து, “நீ பி.காம்.தானே? கிளப்புல தோட்டா ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுத ஆள் இல்லடா” என்றார். எங்கள் வம்சத்தில் காமர்ஸ் படித்தவனைக் கல்யாணத்தில் மொய் எழுத உட்கார வைப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பிரமோஷன்.

தோட்டாக் கணக்கு விளையாட்டல்ல. எத்தனை வாங்கினோம், எத்தனை கொடுத்தோம், எத்தனை சுட்டார்கள், காலிக் கூடு எத்தனை திரும்பி வந்தது எல்லாம் தினசரி டேலி ஆக வேண்டும். ஒன்று குறைந்தால் மண்ணைச் சலித்தாவது கண்டுபிடிக்கணும். ஒருமுறை நாங்கள் நாலு பேர் மண்டி போட்டுத் தேடிய காலிக் கூடு, கடைசியில் செக்ரட்டரியின் பேண்ட் மடிப்பில் இருந்தது.

இதுவரை கிளப்பில் இருந்தது ஒரு பிர்னோ. செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது. அந்த நாடே 1993-ல் ரெண்டாகப் பிரிந்துவிட்டது. துப்பாக்கி மட்டும் பிரியாமல் எங்களோடு காலம் தள்ளியது. “புதுசு ஒண்ணு வாங்கணும்” என்று சித்தப்பா வருஷக்கணக்கில் மெம்பர்களிடம் நன்கொடை வசூலித்தார். அவர் வருவதைப் பார்த்தாலே சிலர் பாத்ரூம் போய்விடுவார்கள். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு முதல் மெடல், அவர் ரயில்வேயில் டிக்கெட் செக்கர் என்று பேப்பரில் வந்ததும் சித்தப்பாவைப் பிடிக்க முடியவில்லை. “நம்ம டிபார்ட்மென்ட்டுடா!” என்று தெரு முழுக்க லட்டு கொடுத்தார். (லட்டு வாங்கியவர்களிடம் மறுநாள் நன்கொடை ரசீதையும் நீட்டினார். அவரும் லேசுப்பட்டவரில்லை.)

ஒருவழியாக பேப்பர் வேலையெல்லாம் முடிந்து புதுத் துப்பாக்கி வந்துவிட்டது. ஜெர்மனியில் உல்ம் என்கிற ஊர்ச் சரக்கு. ஐன்ஸ்டீன் பிறந்த ஊர். விலையைச் சொல்ல மாட்டேன். பத்திரிகைகளில் நான் எழுதிச் சம்பாதித்த சன்மானம் மொத்தத்தையும் சேர்த்தால் அதன் கட்டைப் பாகம் கிடைக்கலாம்.

ரிம்ஃபயர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ரெண்டு வரி. பெரிய துப்பாக்கித் தோட்டாவில் பின்பக்கம் நட்டநடுவில் ஒரு பொட்டு இருக்கும். ஊசி அதில் குத்தினால் பற்றிக்கொள்ளும். இந்தச் சின்னத் தோட்டாவில் பொட்டு கிடையாது. பற்ற வைக்கிற மருந்து பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஊசி விளிம்பை நசுக்கினால் போதும். பாயின்ட் டூ டூ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். குறுக்களவு 5.6 மில்லிமீட்டர், ஈயக் குண்டு சுமார் இரண்டரை கிராம். 1887-லிருந்து இருக்கிற சமாசாரம். சின்னதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுப்பாடில்லாமல் விட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். அதனால்தான் ரேஞ்சுக்குப் பின்னால் அவ்வளவு உயர மண்மேடு, அவ்வளவு சட்டதிட்டம், சிவப்புக் கொடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து (ஜெர்மன்காரன் பார்த்தால் மயங்கி விழுவான்), முதல் பத்து தோட்டா சித்தப்பாவுக்கு என்று ஏகமனதாகத் தீர்மானம். அவர் பாயில் குப்புறப் படுத்து, இடது கையில் வாரை மாட்டி, கன்னத்தைக் கட்டையில் பதித்தார். உடனே தலையைத் தூக்கினார்.

“ஏண்டா, புது டார்கெட் வைக்கச் சொன்னேனே. பழுப்பேறினதையா மாட்டுவீங்க?”

புது பேப்பர்தான். காலையில் நானே கட்டைப் பிரித்து எடுத்தது. வெயிலில் அப்படித் தெரிகிறதாக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆறு சுட்டார். எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக் கொண்டார், தண்ணீர் குடித்தார். மறுபடி படுத்து மீதி நாலு. கொடி இறங்கி, துப்பாக்கிகளில் ஆரஞ்சு நிறக் கயிறு செருகி, எல்லோரும் ஐம்பது மீட்டர் நடந்து போனோம்.

சித்தப்பாவின் தாளில் ஆறு ஓட்டை.

“புதுத் துப்பாக்கி... சைட் இன்னும் செட் ஆகலை சார். நாலு வெளியே போயிருக்கும்” என்றார் செக்ரட்டரி. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் மண்டையில் ஏதோ குடைந்தது. பி.காமில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. ஓரிடத்தில் பற்று இருந்தால் இன்னோரிடத்தில் வரவு இருந்தாக வேண்டும்.

பக்கத்து வரிசையில் சுட்டது ஒரு காலேஜ் பெண். மெல்ல என்னிடம் வந்து, “அங்கிள், நான் பத்துதான் சுட்டேன். பதினாலு இருக்கு” என்றாள், ஏதோ திருட்டுப் பொருள் கையில் கிடைத்த மாதிரி. போய்ப் பார்த்தேன். அவளுடைய பத்தும் ஊர்வலம் மாதிரி இருந்தன. அதற்கு மேல் தனியாக நாலு. ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமாக அவர் தாள்களைத்தானே எண்ணிக் கொண்டிருக்கிறேன்!

“யாருகிட்டயும் சொல்லாதேம்மா” என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அடுத்த முறை என்னுடையது. முதல் அனுபவத்தைச் சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டு இவ்வளவு தூரம் போய்விட்டேன், மன்னிக்கவும். நாலு கிலோவுக்கு மேல் கனம். ஆனால் வார் இழுத்துக் கட்டியதும் கனம் எங்கே போனது என்று தெரியவில்லை. பழைய பிர்னோவில் விசையை இழுப்பது கிணற்றில் ராட்டினம் இழுக்கிற மாதிரி. இதில் முதலில் கொஞ்சம் தளர்வாக வரும், ஒரு இடத்தில் நிற்கும். அதற்கப்புறம் நீங்கள் நினைத்தால் போதும், வெடித்துவிடும். நான் நினைப்பதற்கு முன்பே முதல் குண்டு போய்விட்டது! சத்தமும் ஒன்றும் பிரமாதமில்லை. ஸ்கேலை மேஜையில் அடித்த மாதிரி ஒரு ‘டப்’. தோளில் உதையும் இல்லை. ஜெய்சங்கர் படம் பார்த்து வளர்ந்தவனுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

ஆனால் அந்தப் பின் சைட் இருக்கிறதே! குண்டூசித் தலை அளவு துவாரம். அதில் கண்ணை வைத்தால் முன்னால் ஒரு வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம். உலகத்தில் வேறு எதுவுமே இல்லை. கரண்ட் பில் இல்லை, ‘கட்டுரை பரிசீலனையில் உள்ளது’ இல்லை. வளையம் மட்டும் மெதுவாகத் துடிக்கிறது. என்னடா இது, துப்பாக்கியில் கோளாறா என்று பார்த்தால், அது என் இதயம். வாரின் வழியாக நாடித் துடிப்பு குழல் வரை போகிறது. அந்த வட்டத்தின் நடுவில் பத்து மார்க் வளையம் எவ்வளவு பெரியது தெரியுமோ? 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. ஐம்பது மீட்டருக்கு அப்பால்.

பின்னால் ஸ்டாண்டில் நிறுத்திய டெலஸ்கோப்பில் சித்தப்பா. குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. கடிகார முள் கணக்கில் சொல்வார்கள்.

ஐந்து சுட்டதும், “ரெண்டு மணிப் பக்கம் போகுதுடா. இடது பக்கமும் கீழேயும் கொண்டு வா” என்றார்.

சைட்டின் குமிழ்களில் ஹெச், டி, எல், ஆர் என்று எழுதியிருக்கிறது. எல், ஆர் நமக்குப் புரிகிறது. ஜெர்மனிலும் இடதும் வலதும் அதே எழுத்தில்தான் ஆரம்பிக்கிறதாம். ஹெச் என்றால் ஹோக், மேலே. டி என்றால் டீஃப், கீழே. நான் ‘டாப்’ என்று நினைத்துத் திருப்பப் போய், செக்ரட்டரி ஓடிவந்து தடுத்தார். அவர் மேற்பார்வையில் க்ளிக், க்ளிக் என்று இடதுக்கும் கீழுக்கும் நகர்த்தினேன். மறுபடி ஐந்து.

“ஆங்... இப்ப நடுவுல! சபாஷ்!” என்றார் சித்தப்பா.

போய்ப் பார்த்தேன். முதல் ஐந்தும் நடுவிலிருந்து சற்றே ஏழு மணிப் பக்கம். அதாவது இடது, கீழே. அடுத்த ஐந்தும் இன்னும் இடது, இன்னும் கீழே, கறுப்பு வட்டத்தின் ஓரத்தில். ரெண்டு மணியில் ஒரு ஓட்டை கூட இல்லை. தாளை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக் கொண்டேன். வயிற்றில் என்னவோ செய்தது. டெலஸ்கோப்பில் அவர் எதையுமே பார்க்கவில்லை. பார்க்கிற மாதிரி என் காதுக்குச் சொல்லிக் கொண்டிருந்திருக்கிறார்.

அப்போதுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாப்பில், “அது 12-ஆ, 17-ஆ பாரு.” ராத்திரியில் எதிரே வண்டி வந்தால், “இப்பல்லாம் லைட்டை எவனும் டிம் பண்றதில்லை” என்ற திட்டு. ரெண்டு வாரம் முன்னால் ஸ்பீடு பிரேக்கரில் சித்தி பின் ஸீட்டிலிருந்து தூக்கிப் போடப்பட்டு இடுப்பில் தைலம் தேய்த்துக் கொண்டிருந்தது. “உங்க சித்தப்பாவுக்கு அவசரம்” என்றாள் சித்தி. அவசரமில்லை. ஸ்பீடு பிரேக்கர் தெரியவில்லை.

வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைத் திறந்தேன். கொடுத்தது, சுட்டது, காலிக் கூடு, எல்லாம் சரி. சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன்.

“எவ்வளவு நாளா சித்தப்பா?”

“என்ன எவ்வளவு நாளா?”

பாக்கெட்டிலிருந்து தாளை எடுத்துக் கையில் கொடுத்தேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் ஓட்டைகளைத் தடவினார். அவருக்குக் கணக்கு புரிந்துவிட்டது.

“தீபாவளிக்கு முன்னாடியே லேசா... மத்தாப்பு ஒவ்வொண்ணும் ரெண்டு மூணாத் தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட போனேன். புரையாம். ரெண்டு கண்லயும். ஆபரேஷன் பண்ணிக்கச் சொன்னார்.”

“பண்ணிக்க வேண்டியதுதானே? இப்பல்லாம் காலையில போய் சாயங்காலம் வந்துடலாமே!”

“துப்பாக்கி வரட்டும்னு இருந்தேன்டா. அந்தச் சமயம் பார்த்து ஆபரேஷன் அது இதுன்னு... கண்ல கத்தி வெச்சு ஏதாவது ஆகிப் போச்சுன்னா? ஒரு தடவை சுட்டுட்டா போதும்னு தோணுச்சு.” கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “செக்ரட்டரிகிட்ட சொன்னா லைன்ல படுக்கவே விட மாட்டான். விடவும் கூடாது. நானா இருந்தாலும் விட மாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. பக்கத்து வரிசைத் தாளைச் சுட்டது போகட்டும், அது மண்மேட்டுக்குள் அடங்குகிற தப்பு. சித்தியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுவது? கேட்டேவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. நான் அவரிடம் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. அவர் பதில் சொல்லவில்லை. வேப்பம்பழம் ஒன்றை செருப்பால் உருட்டிக் கொண்டிருந்தார்.

பிறகு, “அந்த நாலு எங்கே போச்சு?” என்றார்.

“பக்கத்துத் தாள்ல. அந்தப் பொண்ணோடதுல.”

“அடப்பாவி... சரி, எப்படி இருந்துச்சு?”

“நாலும் ஒரு தீப்பெட்டிக்குள்ள.”

“அப்ப துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான்” என்றார்.

எழுந்து நேரே செக்ரட்டரியிடம் போனார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. செக்ரட்டரி அவர் தோளில் கை போட்டதும், அடுத்த மாதப் போட்டிப் பட்டியலில் ஒரு பெயரை அடித்ததும் மட்டும் தெரிந்தது. காலேஜ் பெண்ணிடம் நின்று ஏதோ சொல்ல, அவள், “ஐயோ, பரவாயில்லை அங்கிள்!” என்று பதறினாள்.

வெளியே அவருடைய செட்டாக் நின்றது. 1995-ல் லோன் போட்டு வாங்கியது. இத்தனை வருஷத்தில் வேறு யாரும் அதை ஓட்டியதில்லை. சொந்த மகனே ஒருமுறை எடுத்துவிட்டு ரெண்டு நாள் வீட்டுக்குப் பயந்திருக்கிறான். சித்தப்பா சாவியை எடுத்தார், பார்த்தார், என் பக்கம் நீட்டினார்.

“சாய்ச்சு கிக் பண்ணு. இல்லாட்டி கிளம்பாது.”

இடது பக்கம் ஒருச்சாய்த்து, நிமிர்த்தி, நாலாவது உதையில் கிளம்பியது. பின்னால் ஏறிக்கொண்டவர் வழி நெடுக, “கியர் மாத்து... கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டே வராதே...” என்று உயிரை எடுத்தார். ஸ்பீடு பிரேக்கர் வந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் சித்தி நின்றாள். வண்டியை நான் ஓட்டி வருவதைப் பார்த்து அவள் முகம் போன போக்கு!

“என்னங்க ஆச்சு? இவன் ஏன் ஓட்டறான்?”

“ஒண்ணும் இல்லை. காபி கொண்டா, உள்ளே வந்து சொல்றேன்” என்றவர், என் பக்கம் குனிந்து, “திங்கட்கிழமை உனக்கு லீவு கிடைக்குமாடா? ஆஸ்பத்திரிக்குக் கூட யாராவது வரணுமாம்” என்றார்.

“எழுதறவனுக்கு என்ன சித்தப்பா லீவு, தினமும் லீவுதான்.”

“அப்ப எட்டு மணிக்கு வந்துடு. வண்டி சாவி உன்கிட்டயே இருக்கட்டும்.”