ஒரு ராத்திரி காயணும்

ஆட்டோவுக்கு ரெக்சின் தைக்கும் நண்பர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியின் உல்லாசப் படகுக்கு மேல்மூடி தைத்துக் கொடுத்திருந்தார். ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை, டிச் பட்டன்கள் கழன்றுவிட்டன. பழி தையல்காரர் தலையில். “துணியில அடிச்ச பாதி அப்படியே இருக்கு. படகுல இருக்கிற பாதிதான் பிடுங்கிட்டு வருது, நீங்களே வந்து பாருங்க” என்று காசிமேட்டுப் பக்கம் ஒரு ஃபைபர் கொட்டகைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

அங்கிருந்த மேஸ்திரிக்கு ஊர் நாகப்பட்டினம். 2004 சுனாமியில் வள்ளங்களும் கட்டுமரங்களும் போன கரையில் தொண்டு நிறுவனங்கள் ஃபைபர் படகுகளாகக் கொண்டுவந்து இறக்கின. அவற்றை வார்க்கக் கொட்டகைகள் முளைத்தன. அப்பாவோடு கடலுக்குப் போயிருக்க வேண்டிய பையன், ரோலரும் கையுமாக அப்படி ஒரு கொட்டகையில் சேர்ந்தார். கண்ணாடி இழை ‘மேட்’டை விரித்து, ரெசினில் நனைத்து, காற்றுக்குமிழ் நிற்காமல் உருட்டித் தேய்ப்பது முதல் பாடம். கண்ணாடி இழைத்தூள் தோலில் ஏறினால் என்ன செய்வது என்பது இரண்டாவது. “வெந்நீர்ல குளிச்சா செத்தோம் சார். பச்சைத்தண்ணிதான்.”

விடுதிப் படகின் விளிம்பில் இருந்த பட்டனின் பித்தளைக் குமிழை மேஸ்திரி இரண்டு விரலால் பிடித்தார். ஸ்க்ரூவோடு கையில் வந்தது. துளையைச் சுற்றி ஜெல்கோட் என்னும் மேல்பூச்சு மயிரிழையாக வெடித்திருந்தது. உள்ளே கம்பியை விட்டுச் சுரண்டினார். கறுத்து நசநசவென்று ப்ளைவுட் தூள் உதிர்ந்தது.

ஸ்க்ரூவின் மரை கடிக்க அங்கே இருப்பது சில மில்லிமீட்டர் ஃபைபர்தான். மூடியைக் கழற்றும்போது பட்டனுக்கு அடியில் விரல் கொடுத்து நெம்ப வேண்டும். யார் செய்கிறார்கள்? துணியைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறார்கள். மரை பிடித்த இடம் பொடியாகிறது, துளைவழியே தண்ணீர் இறங்குகிறது, உள்ளிருக்கும் பலகை ஊறுகிறது. இந்தப் படகில் ஏற்கெனவே ஒருவர் ‘ரிப்பேர்’ பார்த்திருந்தார்: அதே துளையில் பருத்த ஸ்க்ரூ. ஓட்டை பெரிதானதுதான் மிச்சம்.

மேஸ்திரி அழுகலைச் சுரண்டி எடுத்து, பல்பைப் பக்கத்தில் வைத்து உலர்த்தி, அசிட்டோனால் துடைத்தார். எபாக்சியில் சிலிக்கா தூளைக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் துளை பிதுங்கும்வரை ஏற்றினார். கொட்டகையில் பீப்பாய் பீப்பாயாக நின்ற பாலியஸ்டர் ரெசின் மலிவு, சீக்கிரமும் இறுகும். ஆனால் வெறும் ரெசினாகக் கட்டிபட்டால் ஸ்க்ரூ ஏறும்போதே நொறுங்கிவிடுமாம். எபாக்சிக்கு ஒரு ராத்திரி வேண்டும். மறுநாள் புதுத்துளை போட்டு, அதன் வாயை மட்டும் பெரிய பிட்டால் சற்றே சரித்துவிடுவார்; ஜெல்கோட் மறுபடி வெடிக்காமலிருக்க. அப்புறம் கொஞ்சம் சீலன்ட், துருப்பிடிக்காத ஸ்க்ரூ. கடைசித் திருகு கையால்தான். மெஷினை விட்டால் மரை மறுபடியும் போய்விடும்.

இந்த ஒரு ராத்திரிதான் சிக்கல். இந்த வேலையை எடுத்திருக்கும் கான்ட்ராக்டர் விடுதியிடம் வாங்குவது பட்டன் கணக்கு. மேஸ்திரிக்குக் கொடுப்பது நாள் கூலி. பருத்த ஸ்க்ரூ அடித்தால் அரை நாளில் படகு போய்விடும், அடுத்த மழைக்கு அதே பட்டனுக்கு இன்னொரு பில். ஒழுங்காகச் செய்தால் நஷ்டம், அரைகுறையாகச் செய்தால் தொடர் வருமானம் என்று கணக்கு போட்டு வைத்திருக்கிற ஆள், இழைத்தூளில் கை வைத்ததே இல்லை. ரெசின் நெடியில் இருமுகிறவருக்கு நல்ல முகமூடி வாங்கித் தரவும் அவருக்கு மனம் வராது. இதில் திட்டு வாங்கியது தையல்காரர்!

நாங்கள் இருக்கும்போதே மேஸ்திரிக்கு ஃபோன் வந்தது. சாயங்காலத்துக்குள் படகு வேண்டுமாம். “நாளைக்குத்தாண்ணே” என்று வைத்துவிட்டார்.

மீன்பிடிப் படகுக்காரர்களும் இப்படித்தான் அவசரப்படுத்துவார்களா என்று கேட்டேன்.

“அவசரம் இருக்கும் சார். ஆனா காயலைன்னா காயலைதான், உட்கார்ந்துருவாங்க. கடலுக்குப் போறது அவங்கதானே.”