ஒரு கீறல்கூட விழாத பேடு

மவுண்டன் பைக் ஓட்ட நான் முதன்முதலில் காலில் கட்டியது கிரிக்கெட் பேடு. சிரிக்காதீங்க. ரெண்டாம் வருஷம், சைக்கிள் வாங்கிய புதுசு. ஹாஸ்டல் ஸ்போர்ட்ஸ் ரூமில் சும்மா கிடந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டு கிரவுண்டை ஒரு சுற்று வந்தேன். பெடல் மேலே வரும் ஒவ்வொரு தடவையும் பேடின் மேல் பகுதி தொடையில் இடித்தது. "மச்சான், ஓப்பனிங் இறங்கப் போறியா?" என்று பசங்க கேட்டதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

அடுத்து ஆன்லைனில் தேடி 450 ரூபாய்க்கு ஒரு ஜோடி முட்டி பேடு வாங்கினேன். வெளியே கெட்டி பிளாஸ்டிக் ஓடு, உள்ளே ஸ்பாஞ்ச், பின்னால் ரெண்டு எலாஸ்டிக் பட்டை. ஸ்கேட்டிங் கற்கும் குழந்தைகள் கட்டுவார்களே, அதே மாதிரி. சைஸ் என்ற இடத்தில் 'ஃப்ரீ சைஸ்' என்று போட்டிருந்தது. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

போன பிப்ரவரியில் நாலு பேர் சைக்கிள்களைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி போனோம். தெரிந்தவர் ஒருவரின் தேயிலைத் தோட்டத்துக்குள் மண்பாதை. முதல் முக்கால் மணி நேரம் ஏற்றம்தான். பேடுக்குள் வியர்வை ஊற்றியது, முட்டிக்குப் பின்னால் பட்டை அறுத்தது. ரெண்டையும் கணுக்கால் வரை இறக்கிவிட்டு மிதித்தேன். உச்சியில் மறுபடி மேலே இழுத்து இறுக்கிக்கொண்டேன். இறக்கத்தில் மூணாவது வளைவு. சரளைக் கல்லில் முன்சக்கரம் வழுக்கியது. இடது முட்டி நேராகப் பாறையில் போய் இறங்கியது.

குனிந்து பார்த்தால் முட்டி கிழிந்து ரத்தம். பேடு? ஒரு சாண் கீழே, கெண்டைக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

ஏழு தையல். மூணு வாரம் கால் மடங்கவில்லை. மாடல் லேப் எக்ஸாமுக்கு நொண்டிக்கொண்டே போனேன். வீட்டில் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சைக்கிளை வித்துரு." அந்த நேரம் அம்மாவும் அதையே சொல்லியிருந்தால் வித்திருப்பேன், ஏனென்றால் எனக்கே பயம் வந்திருந்தது. ஆனால் அம்மா என் பையிலிருந்து அந்தப் பேடை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது புதுசாட்டமே இருக்குது. காலு மட்டும் எப்படி இப்படி ஆச்சு?"

"நழுவிருச்சும்மா. ஃப்ரீ சைஸ்."

அம்மா இருபது வருஷமாக ரவிக்கை தைப்பவர். "ஃப்ரீ சைஸ்னு ஒண்ணு இருந்தா நான் எதுக்குக் கண்ணு அளவெடுத்துட்டு இருக்கேன்?" என்று மெஷின் டிராயரிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார். தையல் பிரித்த பிறகு, முட்டிச் சில்லின் நடுவிலிருந்து பத்து சென்டிமீட்டர் மேலே தொடைச் சுற்றளவு, பத்து சென்டிமீட்டர் கீழே கெண்டைக்கால் சுற்றளவு. நின்றபடி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை. எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அவர்கள் சைஸ் சார்ட்டில் படமே போட்டிருப்பார்கள். எனக்குத் தொடை 'எம்', கெண்டைக்கால் 'எஸ்'. "ரெண்டுக்கும் நடுவுல வந்தா சின்னதை எடு, துணி இழுத்துக் குடுக்கும். ஆனா கால் மரத்துச்சுன்னா திருப்பி அனுப்பிரு" என்றார் அம்மா.

அளவு அம்மா பாடம். பொருள் நம்ம பாடம். விழும்போது காலில் இறங்கும் விசை, உந்தம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பேடு செய்வது ரெண்டே வேலை: அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டுவது, அடியை அகலமாகப் பரப்புவது. இப்போது வரும் நல்ல பேடுகளில் இருப்பது சாதா ஸ்பாஞ்ச் இல்லை. சோள மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து மெதுவாக விரலை விட்டால் உள்ளே போகும், ஓங்கிக் குத்தினால் கல் மாதிரி நிற்கும் இல்லையா? டி3ஓ மாதிரியான பொருள்களும் அந்த வகைதான். மிதிக்கும்போது வளையும், அடி விழும்போது இறுகும்.

வாங்கும்போது லேபிளில் 'இஎன் 1621-1' என்று தேடுங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக வந்த ஐரோப்பிய தர அளவு, மவுண்டன் பைக் பேடுகளிலும் அதைத்தான் நிறைய பேர் போடுகிறார்கள். 50 ஜூல் அடி கொடுத்து, மறுபக்கம் எவ்வளவு விசை கடக்கிறது என்று பார்ப்பார்கள். ஐந்து கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவது மாதிரி. சராசரி 35 கிலோ நியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20-க்குள் இருந்தால் லெவல் 2. 'டி பிளஸ்' குறி இருந்தால் 40 டிகிரி சூட்டிலும் சோதித்தது என்று அர்த்தம். இந்த மாதிரி ஃபோம் சூட்டில் இளகும் என்பதால் நம்ம ஊருக்கு அது முக்கியம்.

அப்போ லெவல் 2 வாங்கிவிட வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கணக்கு போட்டேன். நிமிஷத்துக்கு 70 மிதி என்றால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முட்டியும் 4200 தடவை மடங்குகிறது. தடிமனான பேடு ஏற்றத்தில் உரசும், வேகும். நாம் கழற்றிப் பையில் போட்டுவிடுவோம். பைக்குள் இருக்கும் லெவல் 2-ஐவிடக் காலில் இருக்கும் லெவல் 1 மேல். லிஃப்ட் வைத்து மேலே போய், வேகமாக இறங்க மட்டும் செய்கிற பார்க் என்றால் கதை வேறு, அங்கே கனமானதே சரி. மிதித்தே ஏறும் நமக்கு, பின்பக்கம் வலைத்துணி, தொடைப் பக்கம் சிலிக்கான் பட்டை உள்ள ஸ்லீவ் போதும். ஃப்ளாட் பெடல் ஓட்டுபவர்கள் முழங்காலுக்குக் கீழேயும் யோசியுங்கள். பெடல் ஆணி ஒரு தடவை தாடை எலும்பில் ஏறினால் ஜென்மத்துக்கும் மறக்காது. தாடை என்று நான் சொல்வது முன்னங்காலை, முகத்தை இல்லை!

நான் வாங்கியது நாலாயிரத்துச் சொச்சம். ரெண்டு மாசம் ஜூனியர்களுக்கு மேத்ஸ் டியூஷன் எடுத்த காசு. வந்த அன்றே அரை மணி நேரம் போட்டுக்கொண்டு ஹாஸ்டல் மாடிப்படி மூணு தடவை ஏறி இறங்கினேன், குத்தவைத்து உட்கார்ந்தேன், கடைசியில் உள்ளங்கையால் பலமாகக் கீழே தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. அதன் பிறகுதான் பில்லையும் டப்பாவையும் தூக்கிப் போட்டேன்.

ஆகஸ்டில் அதே பாதையில் மறுபடி விழுந்தேன். வேறு வளைவு, அதே முட்டி. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு ஓட்டினேன். வீட்டுக்குப் போனதும் அம்மா பேடை வாங்கி, அதில் விழுந்திருந்த கீறலை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துவைக்க எடுத்துக்கொண்டு போனார். அப்பாவும் சைக்கிளைப் பற்றி அப்புறம் பேச்செடுக்கவில்லை.

இப்போது ஜூனியர்ஸ் "எந்த பிராண்ட் நல்லாருக்குண்ணா?" என்று கேட்டு வருகிறார்கள். பிராண்ட் அப்புறம் பேசலாம். முதலில் ஒரு இன்ச் டேப் எடுத்துட்டு வாங்க.